எல்லோருக்கும் பிடித்துப்போன நாலு மாதம்

என்னை எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்த நாலு மாதத்தைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்னை யாருக்கும் பெரிதாகப் பிடித்ததில்லை. அதில் வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். நான் சாப்பிட்ட அதே மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு யாராவது இன்றைக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அவர்களும், முக்கியமாக அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் வேலையை முதலில் சொல்ல வேண்டும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கேட்டில் நின்று, உள்ளே போகிற பெண்களைச் சோதிக்கிற வேலை. செக்கிங் என்பார்கள். காலையில் வேன்கள் வந்து நிற்கும், நூற்றுப்பத்துப் பெண்கள் வரிசையில் வருவார்கள். மடியில் போன் இருக்கிறதா, கொண்டைக்குள் ஊசி இருக்கிறதா, காலில் கொலுசு இருக்கிறதா, கட்டியிருப்பது பருத்திச் சேலைதானா என்று தடவிப் பார்த்துத்தான் ஒவ்வொருத்தியையும் விட வேண்டும். நைலக்ஸ் சேலை உரசி உரசி உடம்பில் மின்சாரம் ஏறிவிடும். அதை இறக்கத்தான் ஒவ்வொரு அறை வாசலிலும் செப்புத் தகடு பதித்திருக்கிறது. தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறார்களா என்று பார்ப்பதும் என் பொறுப்புதான். ஒரு பொறி போதும். அதற்கு மேல் விளக்கம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தேவைப்படாது.

நைலக்ஸ் கட்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அன்றைய கூலி போச்சு. கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்தவளையும் அனுப்பியிருக்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனை மடியில் சுருட்டிக்கொண்டு வந்தவளையும் அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பிடாரி என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழும்படிதான் சொல்வார்கள். திரி வெட்டுகிற பேச்சியம்மாள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஒருநாள் விடாமல் என்னைத் திட்டிக்கொண்டேதான் கேட்டைத் தாண்டுவாள். "ஏத்தா, எங்க இடுப்புல என்ன புதையலாத்தா தேடுத? வீட்டுல ஒம் புருசன் ஒன்னத் திட்டுறதே இல்லையா?" என்பாள். பதினெட்டு வருஷம் இப்படிப் போனது.

நான் கெட்டவள் இல்லை, பயந்தவள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பேன். விசேஷ வீடுகளில் கூட்டத்துக்குள் போகாமல் கை கழுவுகிற குழாய்ப் பக்கம் நின்றுவிட்டு வந்துவிடுவேன். யாராவது முகத்தைச் சுளித்தால் நாம் என்ன தப்பாகப் பேசினோம் என்று இரண்டு நாள் அரித்தெடுக்கும். இதெல்லாம் என் சுபாவம் என்றுதான் நினைத்திருந்தேன். சுபாவம் என்பதற்குள் என்னவெல்லாம் ஓடுகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

நாற்பத்தொன்றாவது வயதில் தலைவலி ஆரம்பித்தது. கூடவே தீட்டு நின்றது. அதுகூடப் பரவாயில்லை, ஒருநாள் குளிக்கும்போது மார்பில் பால் கசிந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அது. எனக்கு வந்த அவமானத்தை என்னவென்று சொல்ல! இரண்டு வாரம் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் சிவகாசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். கர்ப்பம் இல்லை என்று சோதனையில் தெரிந்தது. ரத்தத்தில் வேறு ஒன்றைப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போய் மூளையை ஸ்கேன் எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் காத்திருந்ததுதான் பெரிய வியாதி. பெயர் கூப்பிடுகிற வரைக்கும் எதிரில் இருக்கிறவர்களின் ஸ்கேன் கவரைப் பார்த்துக்கொண்டே இருப்போம், யாருடையது தடிமன் என்று. என் வீட்டுக்காரர் கணேசன் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார். ஸ்கேன் மெஷினின் சத்தத்தைச் சொல்லி எல்லோரும் பயமுறுத்தினார்கள். சிவகாசிக்காரிக்குச் சத்தம் ஒரு பொருட்டா! எனக்குப் பயமெல்லாம் அந்த அசையாமல் கிடக்கிற நேரத்தில், வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்பதில்தான் இருந்தது.

மதுரை டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி உண்டு. அதில் திராட்சை அளவுக்கு ஒரு கட்டி. "கேன்சர் இல்லம்மா, பயப்படாதீங்க. ஆனா பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை இது கொட்டிக்கிட்டே இருக்கு. கண் நரம்பையும் தொட ஆரம்பிச்சிருக்கு" என்றார். கண்ணைச் சோதித்ததில் இரண்டு ஓரங்களிலும் பார்வை குறைந்திருந்தது தெரிந்தது. எனக்கு உடனே கேட்தான் ஞாபகம் வந்தது. ஓரமாக எத்தனை பேர் நழுவிப் போனார்களோ என்று அன்று முழுக்க அழுதேன்.

மாத்திரையிலேயே கட்டி சுருங்கிவிடும் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு. டோபமைன் என்று மூளையில் ஒன்று இருக்கிறதாம், அந்தப் பால் ஹார்மோனை அடக்கி வைப்பது அதுதானாம். இந்த மாத்திரை அந்த டோபமைன் மாதிரியே வேலை செய்யும். "அதே டோபமைனுக்கு மூளையில வேற வேலையும் உண்டு. ஆசை, துணிச்சல், இன்னொரு தடவை செய்யலாம்கிற உந்துதல், எல்லாத்துலயும் அது இருக்கு. அதனால கோபம், செலவு, பழக்கவழக்கம், எது மாறினாலும் உடனே வந்து சொல்லணும்" என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். கெட்டதாக மாறினால்தானே சொல்ல வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம். எங்கள் தப்பு அங்கே தொடங்கியது.

முதல் மாதம் தலைவலி போனது, பால் நின்றது. இரண்டாம் மாதம் வேனில் நான் பாடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பாடினேன். கேட்டில் நிற்கும்போது அந்தப் பெண்களைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஒருத்தியின் கன்னத்தைக் கிள்ளினேன், ஒருத்தியின் புருஷனைப் போலப் பேசிக் காட்டினேன். வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் வேண்டும் போல இருந்தது. இடுப்பில் கை வைத்தால் கிச்சுக்கிச்சு மூட்டத்தான் தோன்றியது, தேடத் தோன்றவில்லை. நைலக்ஸ் சேலையைப் பார்த்து, "இந்தக் கலரு ஒனக்கு எடுப்பா இருக்குடி, போ உள்ள" என்றேன். அக்கா அக்கா என்று என்னைச் சுற்றி மொய்த்தார்கள். மல்லிகைப்பூ கொண்டுவந்து தலையில் வைத்துவிட்டார்கள். நானும் ஒரே நாளில் பதினோரு நைட்டி வாங்கி என் வேனில் வருகிறவர்களுக்குப் பங்கிட்டேன். விசேஷ வீடுகளில் பந்தியில் நடுவாக உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷம் எங்கே இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்றாம் மாதம் ஒரு பகலில், வெடிமருந்து அடைக்கிற அறைக்குள்ளிருந்து போன் அடிக்கிற சத்தம் வந்தது. சினிமாப் பாட்டு. மொத்தக் கம்பெனியும் அப்படியே உறைந்துபோனது. நாலு பெண்களும் வெளியே ஓடி வந்தார்கள். பாட்டு ஓடி முடிந்து, மறுபடி முதலிலிருந்து அடித்தது. பிறகு நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. போர்மேன் கத்திக்கொண்டு வந்தார். காலையில், "அவசரம்னா வச்சுக்கடி" என்று அந்தப் போனை உள்ளே விட்டவள் நான்தான். ஆனால் போனைக் கொண்டுபோன பெண், "அக்காவுக்குத் தெரியாது சார், நாந்தான் ஒளிச்சு வச்சேன்" என்று சொல்லி வேலையை இழந்தாள். எனக்காகப் பொய் சொன்னாள். அவ்வளவு பிரியம்.

எனக்கு நெஞ்சு அடிக்கவில்லை. கை வியர்க்கவில்லை. அழுதுகொண்டு போகிறவளைப் பார்த்து, "ஏடி, அடுத்த தடவ நல்ல பாட்டா வையி" என்றேன். சிலர் சிரித்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டுவதையே நிறுத்திவிட்டாள்.

நாலாம் மாதம் கேட்டில் மயங்கி விழுந்தேன். அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தையும் இறக்கும். மதுரையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் பேச்சியம்மாளும் இன்னும் ஐந்தாறு பெண்களும் ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்கள். எனக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்து, நடத்தையில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார்.

"நல்லா இருக்கா டாக்டர். முன்னைக்கு இப்ப எம்புட்டோ தேவல. எல்லாரோடயும் சிரிச்சுப் பேசுறா" என்றார் என் கணவர். வந்திருந்த பெண்களும், "எங்கக்கா தங்கம்" என்றார்கள்.

"டாக்டரம்மா, நான் ஒன்னு சொல்லலாமா?" என்று பேச்சியம்மாள் முன்னால் வந்தாள். "இவ நல்லா இல்ல."

என் கணவர், "இந்தாங்க பேச்சியக்கா, சும்மா இருங்க" என்றார்.

"நீங்க சும்மா இருங்கய்யா. உள்ள போய் உக்காருறது நானு." டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "இவ எங்களச் சோதிக்கிறதே இல்லம்மா. வெளையாடிட்டு விட்டுறா. பதினெட்டு வருசமா இவளத் திட்டிக்கிட்டேதான் உள்ள போனேன். ஆனா பக்கத்துல உக்காந்திருக்கவ மடியில ஒன்னும் இருக்காதுன்னு தெரியும். அந்த நிம்மதியில வேல பாத்தேன். இப்ப அது இல்ல. கை நடுங்குது. நடுங்குற கைய வச்சுக்கிட்டு நான் எப்படித் திரி வெட்ட?"

டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து என்னைக் கேட்டார், "போன் அடிச்சதுன்னு சொல்றாங்களே, அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"பாட்டு நல்லா இல்லையேன்னு தோணுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். என்னோடு யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். பயம், வெட்கம், அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்தால் வருகிற உறுத்தல், தப்புச் செய்தால் வருகிற குற்றவுணர்ச்சி, இவையெல்லாம் நாம் பிறரோடு சேர்ந்து வாழ்வதற்காக மூளை வைத்திருக்கிற கடிவாளங்கள். ஒவ்வொருத்தர் சுபாவத்தில் ஒவ்வொன்று இறுக்கமாக இருக்கும். இதே மாத்திரை பலருக்கு ஒன்றுமே செய்யாது, சிலர் சூதாடுவார்கள், சிலர் கடனுக்குப் பொருள் வாங்கிக் குவிப்பார்கள். "உங்களுக்குப் பயம்தான் ரொம்ப இறுக்கம். அது கழண்டதும் மத்ததெல்லாம் கூடவே கழண்டுருச்சு. இதுல சங்கடம் என்னன்னா, மாறினவங்களுக்கு மாறினது தெரியாது. சுத்தி இருக்கவங்கதான் சொல்லணும்" என்றவர், என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரையை நிறுத்துவோம், கட்டி இன்னும் முழுதாக விலகவில்லை, மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்.

மறுநாள் கேண்டீனில் என் கணவர் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். மருந்துக் கம்பெனிகளுக்கு டப்பாவும், உள்ளே மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாளும் அடிக்கிற பிரஸ். எந்த மருந்து டப்பா கைக்கு வந்தாலும் அந்தத் தாளைப் பிரித்து, மை ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

"லெச்சுமி, அந்தத் தாள நான் மொத வாரமே படிச்சிட்டேன். புரியாத எடத்த எங்க புரூப் பாக்குறவருகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்படி ஆகும்னு அதுல போட்டிருந்துச்சு."

"அப்பறம் ஏன் சொல்லாம இருந்தீக?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ பாடுன. எங்கூட ஓட்டலுக்கு வந்த. ரோட்டுல எங்கையப் பிடிச்சு நடந்த. பத்தொம்பது வருசத்துல நான் பாக்காத ஆளு. சொன்னா நிறுத்திருவாகளேன்னு இருந்துட்டேன்."

நான் சிரித்தேன். "அட, அதுக்கென்ன, விடுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை வாங்கி வரச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு உடம்பு பதறுகிறது. அன்றைக்கு வடைதான் தெரிந்தது.

மாத்திரையை நிறுத்த எனக்கு மனசில்லை. பாதியாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன், டாக்டரம்மா மறுத்துவிட்டார். நிறுத்திய நாட்களில் உலகமே சப்பென்று ஆனது, காரணமில்லாமல் அழுகை வந்தது. மறுபடி அந்தப் பிடாரியாகத்தான் வாழ வேண்டுமா என்று இருந்தது. வீட்டில் இரண்டு மாத்திரைகள் மிச்சம் இருந்தன. ஆபரேஷனுக்குச் சேரும்போது அவற்றை ஒரு துண்டுத் தாளில் சுருட்டி மடியில் செருகிக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம்.

ஆபரேஷன் அன்று காலை ஒரு நர்ஸ், வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். பிறகு பாவாடை நாடா ஓரமாகக் கைவிட்டுப் பார்த்தாள். சுருட்டிய தாளை வெளியே எடுத்து, பிரித்து, என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு முகம் சூடானது. காது மடலெல்லாம் எரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னவென்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. நாலு மாதத்துக்குப் பிறகு எனக்கு வெட்கம் வந்திருந்தது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது, தூங்கிவிட்டேன். பிறகு மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது, வாயால் மூச்சு. மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டினால் உடனே சொல்ல வேண்டும், அது மூளையைச் சுற்றியிருக்கிற நீராக இருக்கலாம் என்றார்கள். அந்தச் சுரப்பி தடுமாறினால் சிறுநீர் குடம் குடமாகப் போகும் என்பதால், ஒவ்வொரு தடவையும் குவளையில் பிடித்து அளந்து எழுத வேண்டும். அளந்தது, எழுதியது, கொட்டியது எல்லாம் என் கணவர்தான். பக்கத்துக் கட்டில்காரி, "குடுத்து வச்சவக்கா நீங்க" என்றாள். செலவில் பெரும்பகுதியைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தப் போன் பாட்டு காதில் கேட்டது. அந்த அறையின் நாலு பெண்களும் ஓடி வருகிற முகம் தெரிந்தது. வேலை போனவள் தெரிந்தாள், அவள் அழுதுகொண்டு போகும்போது நான் சொன்னது தெரிந்தது. பிறகு கதவு திறந்துவிட்டது போல எல்லாம் வந்தது. எந்தத் தேதியில் எவள் என்ன சேலை கட்டியிருந்தாள், எவள் மடி கனமாக இருந்தது, எல்லாம் கைக்கு ஞாபகம் இருந்தது. நாலு மாதமாக வராமல் இருந்த பயம் மொத்தமாக அந்த ஒரு மத்தியானத்தில் வந்தது. நான் போட்ட சத்தத்தில் நர்சுகள் ஓடி வந்தார்கள். வலிக்கிறதா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கோபமும் வந்தது. "நூத்திப்பத்து உசுரு! தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தீகளே, நீங்க மனுசனா?" என்று கத்தினேன். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தத் தாள் இன்னும் கிடக்கிறது. அந்த நாலு மாதத்து லெச்சுமியை அவர் தேடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். நானும்தான் தேடுகிறேன்.

வேலை போனவள் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, நீங்க எம்புட்டு நல்லவக" என்றாள். அது செருப்பால் அடித்ததைவிட மோசமாக இருந்தது. போர்மேனிடம் எல்லாவற்றையும் சொல்லி, போனை விட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டு, அவளை மறுபடி வேலைக்கு எடுக்க வைத்தேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு தப்பு என்று என்னையும் விட்டுவிட்டார். ஆனால் மாத்திரை விஷயம் மட்டும் அவருக்கு மண்டையில் ஏறவில்லை. "மாத்திர தின்னா மனுசன் மாறுவானாம்மா? போய் வேலையப் பாருங்க" என்று சிரித்தார்.

ஆபரேஷனில் கட்டி முழுதாக வெளியே வரவில்லை. பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தொட முடியாது. மறுபடி வளர ஆரம்பித்திருப்பதால் சிறிய அளவில் மாத்திரையைத் தொடங்கியாக வேண்டும் என்று போன மாதம் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை உங்களைப் பார்த்துச் சொல்ல வேறு ஆள் வேண்டும், உங்களைப் பிடித்தவர்கள் வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

முதல் மாத்திரையைப் போட்ட மறுநாள் காலை, வரிசையை நிறுத்தி வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எனக்கு இப்படி ஒரு நோய், இப்படி ஒரு மாத்திரை. நான் என்றைக்காவது உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே விட்டால், போகாதீர்கள். நான் என்ன சொன்னாலும் போகாதீர்கள். பேச்சியம்மாள் மட்டும், "அத நாங்க பாத்துக்கிடுறோம், நீ மொதல்ல இடுப்பப் பாரு" என்றாள். அன்று மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். பிடாரி என்று காதில் விழுந்தது.

போன வாரம் ஒரு காலையில், வரிசையில் முதல் ஆளாகப் பேச்சியம்மாள் வந்தாள். கைகளை அகல விரித்துக்கொண்டு நின்று, "ஏத்தா, சீக்கிரம் தேடு, மடியில ஒரு லாரி லோடு வச்சிருக்கேன்" என்றாள். வாய்க்குள் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துவிட்டேன். அது மாத்திரையின் சிரிப்பா, என் சிரிப்பா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

பேச்சியம்மாள் விரித்த கைகளை மெதுவாக இறக்கினாள். வரிசையில் பேச்சு நின்றது. நான் அவளைத் தலையிலிருந்து கால்வரை சோதித்து, ஒன்றும் இல்லை, போ என்றேன். அவள் போகவில்லை. பின்னால் நின்ற நூற்றொன்பது பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே கால் வைக்கவில்லை.